மிலிட்டரி சாரின் மலைநடை: கோத்தகிரியில் ஒரு காலை

கோத்தகிரியை ஒட்டிய ஒரு சிற்றூரில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நிற்கும் ஓட்டு வீடு ஒன்றிலிருந்து சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு குடும்பம் நடத்திவரும் மலைநடையைப் பற்றி எழுதுகிறேன். காலை 6.45 மணிக்கு வீட்டு முற்றத்தில் தொடங்கி, ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்து, அதே முற்றத்துக்குத் திரும்பி, மதியச் சாப்பாட்டுடன் முடிகிறது. ஒருவருக்கு 900 ரூபாய். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஒரு நடைக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நான் சென்ற ஜனவரியில், மனைவியுடனும் பதினோரு வயது மகனுடனும் போய்வந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நடையைத் தொடங்கியவர் எனக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் வரலாறும் புவியியலும் நடத்திய ஆசிரியர். 2022-இல் காலமானார். ஆகவே இதை முன்பின் தெரியாத ஒருவனின் மதிப்பீடாகக் கொள்ள வேண்டாம். ஆனால் முழுக் கட்டணமும் கொடுத்துத்தான் நடந்தேன்; இப்போது நடையை நடத்தும் அவருடைய மகளும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். சார் இருந்தபோதும் அப்படித்தான். பழைய மாணவன் என்று சொல்லிச் சலுகை கேட்டவர்களிடம், "என்கிட்ட படிச்சவன்னா நூறு ரூபாய் கூடக் கொடு" என்பாராம்.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் அவர் மிலிட்டரி சார்தான். வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பதினெட்டு வயதில், 1966-இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். 1758-இல் தொடங்கப்பட்ட அந்தப் பழைய படைப்பிரிவின் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது; சமவெளியின் வெயிலில் வளர்ந்த இளைஞன் அங்கேதான் முதன்முதலாக மூடுபனியைப் பார்த்தான், அன்றே ஓய்வுபெற்றால் இந்த மலையில்தான் என்று முடிவு செய்தான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். அதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தைகூட எங்களிடம் பேசியதில்லை. அஞ்சல் வழியில் பட்டம் பெற்று, 1983-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று, பி.எட். முடித்து, மனைவியின் ஊரான கோத்தகிரிப் பக்கமே ஆசிரியராக வந்து சேர்ந்தார். 2006-இல் பள்ளியிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, முன்பு சனிக்கிழமைகளில் மாணவர்களை அழைத்துச் சென்ற அதே பாதையில் வெளியூர்க்காரர்களையும் அழைத்துச் செல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடை கிடையாது. அன்று அவர் மனைவியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போகும் நாள். நடையில் சம்பாத்தியமே ஞாயிறு ஒன்றில்தான் நன்றாக வரும் என்று பலரும் சொல்லிப் பார்த்தும் மாற்றிக்கொள்ளவில்லை. மகளும் இன்றுவரை அந்த வழக்கத்தை மாற்றவில்லை. ஞாயிறு மட்டுமே ஓய்வு கிடைப்பவர்களுக்கு இது ஒரு குறைதான்.

நடை தொடங்குவது பாதையில் அன்று, சாப்பாட்டு மேசையில். தேநீருக்குப் பிறகு மகள் ஒரு பெரிய உருளைக்கிழங்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு பலகையில் வைக்கிறார். பிறகு அதை அடியிலிருந்து மேலாக ஒரே பருமனில் கிடைமட்டமாக ஐந்து வில்லைகளாக நறுக்குகிறார். அடி வில்லையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைகிறார். அதை எடுத்துவிட்டு, அதற்குள்ளேயே இரண்டாம் வில்லை, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது வில்லை ஒரு பொத்தான் அளவுக்கு உச்சியில் வந்து நிற்கிறது. கிழங்கின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருந்ததால், தாளில் ஒரு பக்கம் கோடுகள் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் விழுகின்றன. "எந்தப் பக்கமா ஏறலாம்?" என்று மகனைக் கேட்டார். அவன் யோசிக்காமல் கோடுகள் விலகியிருந்த பக்கத்தைத் தொட்டான். அதன் பிறகுதான் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நிலவரைபடத்தை விரித்து, இருபது மீட்டருக்கு ஒன்றாக ஓடும் சம உயரக் கோடுகளில் அன்றைய பாதையைக் காட்டினார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கிழங்கைக் கரும்பலகையில் வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்து சார் எங்களுக்குக் காட்டியிருக்கிறார். அப்போது அதைப் பட்டாளத்தில் கற்றுக்கொடுத்த வித்தை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இந்த முறை அடுப்படியிலிருந்து அம்மா, அதாவது சாரின் மனைவி, எட்டிப் பார்த்து, அது தான் வறுவலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது என்றும், அன்று வறுவல் தீய்ந்து போனது என்றும் சொன்னார். நறுக்கிய வில்லைகளைக் கையோடு வாங்கிக்கொண்டும் போனார். மதியம் அவை மிளகுப் பொடியோடு இலைக்கு வந்தன.

முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, இடமிருந்து வலமாக எண் சொல்லச் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கை நீள நோட்டு ஒன்றில் தேதியுடன் ஏறுகிறது. பக்கத்தில் "திரும்பியவர்" என்று ஒரு கட்டம் காலியாக விடப்படுகிறது. பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீண்டும் எண் சொல்ல வேண்டும். ஆறு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் கொண்ட குழுவில் இது முதலில் விளையாட்டாகவும், மூன்றாம் முறை சற்று எரிச்சலாகவும், அதன் பிறகு பழக்கமாகவும் ஆகிவிடுகிறது.

பாதை முழுவதும் ஊர்களை இணைக்கும் பொது வழிகளிலும், அனுமதி பெற்ற தோட்டப் பாதைகளிலும் மட்டுமே செல்கிறது. காப்புக்காட்டுக்குள் ஓரடியும் வைப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு, சார் பல மாதங்கள் நடையையே நிறுத்திவைத்து, காட்டெல்லையைத் தொடாதபடி பாதையைத் திருத்தியமைத்தார் என்று மகள் சொன்னார். இயற்கையான மலைக்காடான லாங்வுட் சோலையை எதிர்ச்சரிவிலிருந்து காட்டுகிறார்கள். உள்ளே போக விரும்பினால் வனத்துறையிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். எங்களுடன் வந்த ஒருவர் இதனால் ஏமாற்றமடைந்தார். எனக்கோ எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பதே கூடுதலாகப் பிடித்தது. 116 ஹெக்டேர் அளவுள்ள அந்தச் சோலை, சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, மலை மடிப்பில் அடர்ந்த பச்சையாகக் குடைகள் குடைகளாகக் கிடப்பதையும், அதிலிருந்து இறங்கும் நீரை நம்பித்தான் கீழே ஊர்கள் இருக்கின்றன என்பதையும் உள்ளே நின்று பார்த்திருக்க முடியாது.

சோலை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் காட்டினார்கள். ஊர்க்கோயிலை ஒட்டி எஞ்சியிருக்கும் சிறு சோலைத்துண்டு ஒன்றில், மகள் குனிந்து, மட்கிய சருகை ஒரு கைப்பிடி அள்ளி, என் மகனின் உள்ளங்கையில் வைத்துப் பிழியச் சொன்னார். மழை நின்று வாரங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவன் விரல்களுக்கிடையே நீர் சொட்டியது. இருபதடி தள்ளி, சீகை (வாட்டில்) மரங்களின் அடியில் அள்ளிய மண் பொடியாக உதிர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகையும் கற்பூர மரமும் இந்த மலையின் புல்வெளிகளை எப்படி விழுங்கின என்பதை அதன் பிறகு இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொண்டார். சாராக இருந்தால் இருபது நிமிடம் பேசியிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் மகள் தந்தையை மிஞ்சிவிட்டார் என்றே சொல்வேன்.

கண் மறையும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சத்தமாக ஒருமுறை இருமுவது சாரின் வழக்கம். பள்ளி நாட்களில் அதைக் கேலி செய்திருக்கிறோம். தேயிலைக்குள் மேயும் காட்டெருமைக்கு மனிதன் வருவது முன்கூட்டியே தெரிந்துவிட வேண்டும், திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் ஆபத்து என்பது அதன் காரணம். காட்டுமாடு என்பதுதான் சரியான பெயர், அது எருமை இனமே அல்ல என்று அவரே வகுப்பில் திருத்துவார். பாதையில் மட்டும் ஊரோடு சேர்ந்து காட்டெருமை என்றே சொல்வார். இப்போது வளைவுகளில் இருமுவது பேரனின் பொறுப்பு. கல்லூரியில் படிக்கும் அவன் முன்னால் போகிறான், மகள் கடைசியில் வருகிறார். ஒரு வளைவில் அவன் இருமியதும் கீழ்ச்சரிவில் தேயிலைச் செடிகள் அசைந்தன. கரிய முதுகு ஒன்றும் வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களும் தெரிந்தன. அது ஒதுங்கும்வரை ஒன்பது நிமிடம் அசையாமல் நின்றோம். யாரையும் படமெடுக்க முன்னே விடவில்லை.

அந்த இடத்துக்குச் சற்று மேலே, புதிதாகக் கவாத்து வெட்டிய தேயிலை வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகளாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ரெண்டு கவாத்தும் தெரியும்டா. ஒண்ணுல நான் வரிசையில நின்னேன், இன்னொண்ணுல செடியை நிக்க வச்சேன்" என்பது, படைப் பயிற்சிக்கும் கவாத்து என்றே பெயர் என்பதை வைத்துச் சார் சொல்லும் பழைய நகைச்சுவை; ஆண்டுக்கு மூன்று முறையாவது கேட்டிருப்போம். நான் அதைச் சொல்லத் தொடங்கியதும், பின்னாலிருந்து மகள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடித்தார்.

ஐம்பது நிமிட நடைக்குப் பத்து நிமிட ஓய்வு என்பது பட்டாளத்து அணிநடைக் கணக்கு. அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் நடையை முப்பது நிமிடமாகக் குறைக்கிறார்கள். இரண்டாம் ஓய்வில் கால் பரிசோதனை. ஓடைக்கரைப் பாறைகளில் எல்லோரும் உட்கார்ந்து, செருப்போ ஷூவோ காலுறையோ எதுவானாலும் கழற்றி, பாதத்தை வெளியே காட்ட வேண்டும். நகரத்திலிருந்து வந்த நடுத்தர வயதுத் தம்பதி முதலில் கூச்சப்பட்டார்கள். மகள் ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து, குதிகாலையும் விரலிடுக்கையும் பார்த்து, கொப்புளம் எழும்பப் போகும் சிவந்த இடத்தில் பருத்தித் துணிப் பட்டையை ஒட்டி, அட்டை கடித்திருக்கிறதா என்று கணுக்காலைத் திருப்பிப் பார்க்கிறார். என் மனைவியின் வலது குதிகாலில் அவர் ஒட்டிய பட்டை இல்லாவிட்டால் மீதி இரண்டு மணி நேரத்தை அவளால் நடந்திருக்க முடியாது. புதிய ஷூவைப் போட்டுக்கொண்டு இந்த நடைக்கு வராதீர்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் மகளிடம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண் சொல்லவைப்பதைப் பற்றி, பட்டாளத்துப் பழக்கம் சாரைக் கடைசிவரை விடவில்லை போலும் என்று சொன்னேன். போர்முனையில் ஏதோ ஓர் இரவில் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படி என்று பள்ளியில் நாங்களாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தோம். அவர் சிரித்தார். "போரும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அது என்னாலதான்" என்றார். 1987-இல், அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் குடும்பம் முழுவதும் கோத்தகிரி வண்டிக்காகக் காத்திருந்திருக்கிறது. சார் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், குழந்தை பக்கத்தில் நின்ற சத்தியமங்கலம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வண்டி நகரத் தொடங்கிய பிறகு நடத்துனர் பார்த்து இறக்கிவிட்டிருக்கிறார். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்பதை அம்மா மட்டுமே பார்த்தார், அவரும் அதைச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும் வாசலில் எண்ணிக்கை. அடுத்த ஆண்டு அது பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

முப்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்த கதை ஓடைக்கரையில் ஒரு நொடியில் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

இனிக் குறைகள். நடை முடிந்ததும் முன்னறையில் புதிதாக அமைத்திருக்கும் நினைவறைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மாலையிட்ட பெரிய படம், கண்ணாடிப் பெட்டியில் பதக்கங்கள், சீருடை, விளக்கு, பின்னணியில் ஒரு சிறிய ஒலிபெருக்கியில் அவர் வாழ்க்கை வரலாறு. இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. பசித்த பிள்ளைகளுக்கு அது நீண்ட நேரம். சார் அந்தப் பதக்கங்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில், ஊசி நூல் பொத்தான்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார் என்பது அந்த வீட்டுக்குப் போன எல்லா மாணவர்களுக்கும் தெரியும். கால் பரிசோதனையிலும் வளைவு இருமலிலும் அவர் இருந்த அளவுக்கு அந்த அறையில் எனக்கு அவர் தென்படவில்லை. அவர் முகம் அச்சிட்ட சட்டைகளை 450 ரூபாய்க்கு விற்பதும் அப்படியே. பேரனிடம் இதைச் சொன்னேன்; தாத்தாவுக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது என்று கேட்டான். அந்த வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு பொருளுக்காக மட்டும் உள்ளே போகலாம். மூலையில் சாத்தியிருக்கும் அவருடைய ஊன்றுகோல். சீகைக் கம்பு; அடியில் இரும்புப் பூண். ஓடையின் ஆழம் பார்க்க, அடியிலிருந்து சாண் அளவுக்கு ஒன்றாகச் சுற்றுக்கோடு வெட்டியிருக்கிறார். அதற்கு மேல், மறுபக்கத்தில், ஒழுங்கில்லாத இடைவெளிகளில் சின்னச் சின்ன வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கத்தி முனையால் கீறிய ஆண்டு. பேரனும் பேத்தியும் ஒவ்வொரு பொங்கலன்றும் நின்று அளந்த உயரம். பேரனின் கடைசி வெட்டு கோலின் உச்சியில் இருக்கிறது. அதற்குப் பிறகு கோல் போதவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் வெறுமனே சாத்தியிருப்பதால் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. கைப்பிடிக்குக் கீழே கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

வேறு சில சிறு குறைகளும் உண்டு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சுத்தமானது, ஆனால் ஜனவரிக் காலையில் குளிரும். இரவல் கொடுக்கும் மழைச்சட்டைகள் பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்துகின்றன. இடைத்தரகர் ஒருவர் வழியாகப் பதிவு செய்த ஒரு குடும்பம் எங்களைவிடத் தலைக்கு 350 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தது. வீட்டாருக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை. நேரடியாகத் தொலைபேசியில் பேசுவதே நல்லது, மாலை ஏழு மணிக்கு மேல்தான் எடுக்கிறார்கள்.

போய்ச் சேர்வது எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் பக்கம் போகாமல் தனி மலைப்பாதையில் ஏறினால் சுமார் 33 கிலோமீட்டரில் கோத்தகிரி; பேருந்துகள் நிறைய உண்டு. சொந்த வண்டியில் வரும் வெளியூர்க்காரர்கள் 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸை எடுத்துக்கொண்டுதான் மலையேற வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் புட்டி கொண்டுவாருங்கள், அவர்களே வெந்நீர் நிரப்பித் தருகிறார்கள். கிழக்குச் சரிவான கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்த ஊர் இது. அந்த இரண்டு மாதங்களில் நடை கிடையாது. வேறு மாதமானாலும் முந்தைய இரவு கனமழை பெய்திருந்தால் நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள்.

சாப்பாடு ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை, சோறு, ரசம், மோர், அத்துடன் காலையில் நாங்கள் பார்த்த அந்த மலை. குழம்பில் காரம் தூக்கல். பிள்ளைகளுக்குத் தனியாகக் காரமில்லாமல் கொஞ்சம் எடுத்துவைத்திருந்தார் அம்மா. கேட்காமலேயே செய்திருந்தார்.

நினைவறைக்குப் போகும் முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வீட்டுக்கு முந்தைய கடைசி வளைவில் சார் நின்று, அடுப்படிக்குக் கேட்கும்படி எத்தனை பேர் என்று உரக்கக் கூவுவார். இலை போடுவதற்கான கணக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கும்தான் அது உதவியது. அந்த வளைவில் மகள் எங்களை நிறுத்தி, கடைசி முறையாக எண் சொல்லவைத்து, இரு கைகளையும் வாயருகே குவித்து, "எட்டு!" என்று கூவினார். தேயிலைக்கு அப்பால், புகை வரும் ஓட்டுக் கூரையின் அடியிலிருந்து பதில் வந்தது: "நீங்க ரெண்டு பேரும்?"

"நாங்களும் தாம்மா!"

அதன் பிறகுதான் உள்ளே தட்டுகளின் சத்தம் கேட்டது.